ஐஸில் உதிர்ந்த மாலை

ஒக்டோபர் 9, வியாழன்

துரொண்ட்ஹெய்ம் அணியிலிருந்து எங்கள் ஐஸ் ஹொக்கி அணி வாங்கிய லார்ஸ் இன்று தன் முதல் பயிற்சிக்கு வந்தான். போன வருடம் எங்கள் கப்டனை இடித்து விழுத்தியவன். ரசிகர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கோல் அடிக்க வந்தவனை முறைத்தால் நட்டம் எங்களுக்குத்தானே? என் பூக்கடை ரோசாவில் கட்டிய மாலையை அவன் கழுத்தில் போட்டேன்.

"இஞ்சரப்பா, மாப்பிளை சரி, பொம்பிளை எங்கை?" என்றாள் பக்கத்தில் நின்ற மனைவி.

மாலையை உடனே கழற்றிவிட வேண்டும் என்று அவனுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். போட்டபடியே ஐஸில் சறுக்கி ஓடினான். ஐஸ் முழுக்க இதழ்கள். பயிற்சி நின்றது. எனக்கு முகம் எரிந்தது.

பார்த்தால், கப்டனும் முழங்காலில் இருந்து அவனோடு இதழ் பொறுக்குகிறான். "இனி மற்ற அணிக்காரரை இடி" என்று கப்டன் சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

சனிக்கிழமை ஆட்டம். கடையை நேரத்தோடு பூட்டப் போகிறேன்.