துப்பிப் பார்த்து எடுத்த பனிச்சட்டை

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மணி ஒன்றரை ஆகிறது. நீ இருந்தபோதும் உனக்கு நான் இப்படி அகாலத்தில்தான் மெசேஜ் போடுவேன். "தூங்க மாட்டியா டி, பேயே" என்று விடிந்ததும் பதில் வரும்.

எதிரே நாற்காலியில் மகனுடைய ஸ்னோ சூட் தொங்குகிறது. வாடகைக்கு எடுத்தது, சிவப்பு. கழுத்துப் பட்டையில் யாரோ ஒரு பிள்ளை கக்கிய பால் வாடை. அதை மறைக்க அடித்த சென்ட். இரண்டுக்கும் அடியில், சரியாகக் காயாத துணிக்கே உரிய புளித்த வீச்சம். ஜன்னலைத் திறந்து, விசிறியைப் போட்டும் போகவில்லை. இந்த வீச்சம் எனக்குப் பழையது. உனக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை கொரியா போகிறோம். என் வீட்டுக்காரர் இரண்டு வருடமாகப் பணம் சேர்த்துவைத்துப் பதிவு செய்த குரூப் டூர். நான்கு நாளில் ஒரு நாள் முழுக்கப் பனியில். மகனுக்கு நான்கு வயது, மழையில் நனைந்தாலே வீசிங் வந்துவிடும். ஒரு மாதமாக எனக்கு இந்த உடை ஒன்றுதான் கவலை. பெரிய கடையில் புதிதாக ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். விலை, அவனுடைய ஒரு மாத நர்சரி கட்டணம். ஆன்லைனில் மலிவாக வாங்கியது மண்ணெண்ணெய் நாற்றத்தோடு வந்தது, முதல் இழுப்பிலேயே ஜிப் கையோடு வந்துவிட்டது. செலாயாங்கில் பழைய துணி விற்கும் பண்டல் கடைக்குப் போனேன். மலைபோல் குவிந்த ஜாக்கெட்டுகளில் ஒன்றின் பைக்குள் கையை விட்டால், எவரோ மூக்கைச் சிந்திவைத்த டிஷ்யூ, காய்ந்து அட்டை மாதிரி. வீட்டுக்கு வந்து மூன்று முறை கை கழுவினேன். அன்று இரவு சோறு இறங்கவில்லை.

"நாலு நாளைக்கு தானே, ஏன் இப்படி அலட்டிக்கிற?" என்றார் அவர். அவருக்கு என்ன, வீசிங் வந்தால் நெபுலைசரைப் பிடித்துக்கொண்டு உட்கார்வது நான்.

கடைசியில் பிரிக்பீல்ட்ஸில் மாடியில் இருக்கும் ஒரு வாடகைக் கடைக்குப் போனேன். மகனுடைய அளவில் இரண்டுதான் மிச்சம், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். "எல்லாம் ட்ரை கிளீன் பண்ணதுதான் அக்கா, பயப்படாதீங்க லா" என்றாள் கடைப் பெண். வெளியே பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தன. அவள் போன் பேசத் திரும்பியதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டின் முட்டியிலும் துப்பினேன்.

கிள்ளானில் அந்த மீன் கிடங்கு. எஸ்டிபிஎம் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை சும்மா இருப்பானேன் என்று இருவரும் சேர்ந்தோம். மீனை உறையவைக்கும் கோல்ட் ரூமுக்குள் போக மொத்தமே பன்னிரண்டு ஜாக்கெட். காலை ஷிப்டு போட்டுக் கழற்றியதை மதிய ஷிப்டு மாட்டிக்கொள்ள வேண்டும். எவருடைய வியர்வையோ இன்னும் சூடாகவே இருக்கும், கையை நுழைத்தால் உள்துணி தோலில் ஒட்டும். முதல் நாளே நான் கழிவறைக்கு ஓடினேன். நீ பின்னாலேயே வந்தாய்.

"நாத்தத்த விடு. நனையாதது எதுன்னு மட்டும் பாரு. துப்பு. முத்து மாதிரி நின்னா எடுத்துக்கோ, உறிஞ்சிடுச்சுன்னா கிட்டயே போகாத."

"சீ."

"உன் எச்சிதானே, ஊரான் எச்சியா?"

நீ சொன்னது சரிதான். வெளியே லாரியில் ஐஸ் பெட்டி இறக்கும்போது தண்ணீர் மேலெல்லாம் ஒழுகும். ஜாக்கெட் அதை உறிஞ்சிக்கொண்டால், திரும்ப உள்ளே போனதும் கை மடங்காது, விறைத்து நிற்கும். பன்னிரண்டில் நனையாதவை நான்கோ ஐந்தோதான். நீ காப்பாரிலிருந்து பஸ் பிடித்து எனக்கு அரை மணி முன்னதாகவே வந்து, ஒன்றை எனக்காகப் பிடித்து வைத்திருப்பாய். "இந்தா மகாராணி, எச்சி இன்னும் காயல" என்று நீட்டுவாய். நான் முகத்தைச் சுளித்துக்கொண்டே வாங்கிப் போட்டுக்கொள்வேன்.

நீ நடந்தால் உள்ளே சரசரவென்று ஏதோ சத்தம் கேட்கும். "என்ன டி அது?" என்று ஒரு நாள் கேட்டேன். "எலும்பு லா, வயசாயிடுச்சு" என்றாய். மூன்றாம் மாதம் ஓய்வறையில் நீ ஜாக்கெட்டைக் கழற்றியபோது பார்த்தேன். கருப்புக் குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டியிருந்தாய். பைக்குள் வியர்வை வழிந்து உன் பனியன் உடம்போடு ஒட்டிக் கிடந்தது. மீன் கவிச்சி, பிளாஸ்டிக், வேர்வை எல்லாம் சேர்ந்து முகத்தில் அடித்தது.

"சீ, நாறுது டி" என்று பின்னால் நகர்ந்தேன்.

"நாறட்டுமே. நனையலல்ல?"

நல்ல ஜாக்கெட்டை எனக்குக் கொடுத்துவிட்டு நீ எதைப் போட்டுக்கொள்கிறாய் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. மறுநாளும் நீ நீட்டியதை வாங்கிப் போட்டுக்கொண்டேன். அதற்கு மறுநாளும். எனக்குக் காலேஜ் கிடைத்தது. உனக்கு மதிப்பெண் போதவில்லை, இன்னும் நான்கு வருடம் அதே கிடங்கில் கிடந்தாய். நான் ஹாஸ்டலில் அந்தக் குப்பைப் பைக் கதையை நகைச்சுவையாகச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். "பைத்தியம் ஒருத்தி இருந்தா" என்றுதான் ஆரம்பிப்பேன். போன வருடம் டிங்கி காய்ச்சல் என்று உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஐந்தாம் நாள் உன் உடலைத்தான் தூக்கி வந்தார்கள். அதற்கும் கிடங்குக்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனாலும் உன் வீட்டு வாசலில் நின்றபோது உன் அம்மாவின் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

கடைக்கு வருகிறேன். சிவப்பில் எச்சில் முத்தாக நின்றது. நீலத்தில் உள்ளே இறங்கிக் கருத்துப் படர்ந்தது. அந்த நேரம் பார்த்து ஓர் அம்மா மகளோடு படியேறி வந்தார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருப்பார், ரவாங்கிலிருந்து வருகிறாராம். பேச்சுக் கொடுத்ததில் அவர்களும் எங்கள் குரூப்பில்தான் வருகிறார்கள் என்று தெரிந்தது.

"அட, அப்ப நம்ம பிள்ளைங்க சேந்து விளையாடலாம்" என்றார். பிறகு இரண்டு சட்டையையும் பார்த்து, "இதுல எது நல்லது சிஸ்டர்? எனக்கு இதெல்லாம் ஒண்ணுமே தெரியாது லா."

நீலச் சட்டையின் முட்டியில் படர்ந்த ஈரத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா."

"தேங்க்ஸ் மா" என்று அதை வாங்கி மகளுக்கு மாட்டிவிட்டார். அந்தச் சிறுமி கண்ணாடி முன் கையை விரித்துக்கொண்டு, "அம்மா, நான் நீல பெங்குவின்" என்று ஆடி ஆடி நடந்தாள். நான் அவசரமாகப் பணம் கட்டிவிட்டுப் படியிறங்கினேன். ஊராருடைய சளிக்கு மூன்று முறை கை கழுவியவள் நான். அந்தப் பொய்யைப் பேசிய வாயோடு ரசம் சோறு சாப்பிட்டேன், பிள்ளைக்கு முத்தம் கொடுத்தேன்.

இரண்டு நாள் ஓட்டினேன். இன்று இரவு பத்து மணிக்கு, டூர் வாட்ஸ்அப் குரூப்பில் அந்த அம்மாவின் எண்ணைத் தேடி எடுத்து எழுதினேன். "அக்கா, அந்த நீல சட்டையில தண்ணி இறங்கும். கடையிலயே எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் அப்படிச் சொன்னேன். ஏர்போர்ட்டுல மாத்திக்கலாம், சிவப்ப உங்க மகளுக்குப் போடுங்க. என் மகனுக்கு மேல மழைக்கோட்டு போட்டுவிட்டுடுவேன்."

மழைக்கோட்டு! அவனுடையது கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. இந்த யோசனை கடையிலேயே வந்திருந்தால் பொய் சொல்லியிருக்க மாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அப்போதும் சொல்லியிருப்பேன். நல்லது என் கையில் இருந்தது, அதை விட மனம் வரவில்லை, அவ்வளவுதான். துப்பிப் பார்க்க மட்டும் உன்னிடம் கற்றுக்கொண்டிருக்கிறேன். அடுத்தவளுக்கு நீட்டத் தெரியவில்லை.

பத்தேகாலுக்கு மெசேஜில் இரண்டு நீலக் கோடு விழுந்தது, படித்துவிட்டார். எழுதுகிறார் என்று ஒரு நிமிடம் காட்டியது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. மூன்று மணி நேரமாகப் போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அவர் பேசாமல் இருப்பதில் தப்பில்லை. வெள்ளிக்கிழமை காலை அவர் முன்னால் போய் நிற்க வேண்டும். எப்படி நிற்பது என்று தெரியவில்லை.

நீயாவது சீக்கிரம் பதில் போடு.