ஏலக்காய் மணக்கும் ஆறாம் கம்பி

உன்னைக் கொன்றது மலைப்பாதையின் வளைவு அல்ல. மூன்று ஜீப்புக்கான ஆட்களை ஒரே ஜீப்பில் அடைத்து ஏலத்தோட்டத்துக்கு அனுப்பிய ஏஜெண்ட். ஊர் அதை விபத்து என்கிறது. நான் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை.

நேற்றுத் திருவிழா முடிந்து மூடிவைத்த கிட்டார் பையை இன்று திறந்தேன். ஏலக்காய் வாசம். பாயசத்தில் வரும் வாசம் அல்ல. பச்சைக்காய் பறித்த விரலில் ஒட்டி, சோப்புக்கும் போகாத வாசம். கல்லூரி விடுமுறையில் உன் அம்மாவோடு காய் பறிக்க மலையேறுவாய். சாயங்காலம் இறங்கியதும் கைகூடக் கழுவாமல் என் அண்ணனின் வெல்டிங் பட்டறைக்கு வந்துவிடுவாய். கோயில் பாடகர் குழுவுக்குப் புதுக் கிட்டார் வந்ததால் பழைய எலெக்ட்ரிக் கிட்டாரை ஃபாதர் உனக்குக் கொடுத்திருந்தார். மாதா பாட்டு வாசித்த அதில், பூமிக்கடியிலிருந்து வருவதுபோல மெட்டல் சத்தம் வேண்டும் என்றாய்.

கம்பியைத் தளர்த்தினால் போதும் என்று நினைத்தோம். "இன்னும் எறக்குடி," என்றாய். ஆறாம் கம்பி நனைந்த கொடிக்கயிறு போலத் தொங்கியது. இழுவை குறைந்ததில் கிட்டாரின் கழுத்து நிமிர்ந்து, எல்லாக் கம்பியும் அதில் குறுக்கே பதித்த ஃப்ரெட்டில் உரசிக் கரகரத்தது. தடித்த கம்பி தேனியில் கிடைக்கவில்லை. நான் அண்ணன் பைக்கின் பிரேக் வயரை உருவி மாட்டினேன். தகரத்தைத் தட்டியதுபோல ஒரு சத்தம். மறுநாள் அண்ணன் நேராக வாழைத்தோப்புக்குள் போய் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தான்.

"வண்டியும் நிக்கல, கிட்டாரும் பாடல. நல்ல மெக்கானிக்குடி நீ," என்று ஒரு வாரம் சிரித்தாய்.

பிறகு மதுரையிலிருந்து தடித்த கம்பி வந்தது. கழுத்தின் தலைப்பக்கத்துப் பள்ளத்தில் அது உட்காரவில்லை. கேஸ் வெல்டிங் நாசில் அடைத்தால் குத்தியெடுக்கும் சொரசொரப்பான ஊசியால் அந்தப் பள்ளத்தை ராவினேன். நீ தூளை ஊதிக்கொண்டே இருந்தாய். "மெதுவாடி. ஆழமாப் போனா மறுபடியும் ஃப்ரெட்டுல அடிக்கும்." தடித்த கம்பி இறுகியதும் கழுத்து முன்னால் வளைந்தது. உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை ஆலன் கீயால் துளித்துளியாகத் திருகிச் சரிசெய்தோம்.

ஒன்றுதான் மிச்சம். வெறுமனே மீட்டினால் சரியாக இருந்த சுரம், பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் கொஞ்சம் ஏறியது. கிட்டாரின் கீழ்முனைப் பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் துண்டு இன்னும் பின்னால் போகவேண்டும், போக இடமில்லை.

"நாளைக்கு மலைக்குப் போயிட்டு வந்து பாப்போம்டி."

மறுநாள் நீ ஜீப்பின் பின்படியில் தொங்கிக்கொண்டு போனாய். பெரியவர்களுக்கு இடத்தை விட்டுக்கொடுத்த பிள்ளை என்று அடக்கப் பூசையில் உன்னைப் புகழ்ந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆளுக்கு ஒரு சீட்டு இருந்திருந்தால் நீ எதையும் விட்டுக்கொடுத்திருக்க வேண்டாம்.

பல மாதம் நான் அந்தக் கிட்டாரைத் தொடவில்லை. திருவிழா நெருங்கியபோது, மேடையில் வாசிப்பது என்று முடிவுசெய்து எடுத்துப் பார்த்தேன். பிரிட்ஜ் துண்டைத் தடுத்தது அதன் பின்னாலிருந்த ஸ்பிரிங். பாதியை வெட்டி எறிந்தேன். துண்டு பின்னால் நகர்ந்தது. வெறும் கம்பியின் சுரமும் பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் சுரமும் ஒத்துப்போயின. பட்டறையில் தனியாக நின்று சிரித்தேன்.

நேற்று மேடைக்கு லைட் உபயம் அந்த ஏஜெண்ட். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். கமிட்டிக்காரர் என்னை ஓரமாக அழைத்தார். "பெரிய மனுசரு வந்திருக்காக. இந்தப் பேய்ச்சத்தம் வேணாம்மா."

உன் அம்மா குறுக்கே வந்தார். "எம்மக கிட்டாரு. அவுக கேக்கணும்னுதான் இவ வாசிக்கிறா. நீ ஏறு ஆத்தா."

ஏறினேன். ஆறாம் கம்பியை அடித்தேன். உதறவில்லை, கரகரக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் அதிர்ந்தன. ஏஜெண்ட் தொடைமேல் இருந்த கையை எடுத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். தோட்டத்துப் பெண்கள் முதலில் காதைப் பொத்தினார்கள். பிறகு ஒருத்தி விசிலடித்தாள், எல்லோரும் எழுந்தார்கள். கடைசிச் சுரத்தைப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் பிடித்தேன். சுத்தமாக நின்றது, நாம் கேட்ட மாதிரியே. மைக்கில் ஒரே வரிதான் சொன்னேன்: "ஜீப்புல ஆளுக்கு ஒரு சீட்டு."

இன்று விடியற்காலை நானும் ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனேன். பள்ளம் ராவிய நாசில் ஊசி என் சட்டைப் பையில் இருந்தது. நீ போனதிலிருந்து அங்கேதான் இருக்கிறது. சீட்டு நிறையும்வரை பெண்கள் ஏறினார்கள். அதற்குமேல் யாரும் படியில் கால் வைக்கவில்லை. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். ஏஜெண்டே பைக்கில் வந்தான்.

"ஏறுங்கத்தா, நேரமாச்சு. காய் யாரு பறிக்கிறது?"

"சீட்டு நெறஞ்சு போச்சுய்யா," என்றார் உன் அம்மா.

அவன் போனை எடுத்துப் பார்த்தான், மலையைப் பார்த்தான், என்னை மட்டும் பார்க்கவில்லை. கீழே நின்ற ஒருத்திகூட நகரவில்லை. உன் அம்மா அவன் பைக்குக்கு முன்னால் போய் நின்று சொன்னார்:

"இன்னொரு வண்டிய வரச் சொல்லுங்க."