உங்கள் பங்குக் கஞ்சி

பிரியமுள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

"வீட்டு அடுப்பு போதாதா புள்ள? மதரஸா அடுப்புலயும் போயி வேகணுமா?" என்று கேட்டீர்கள். போனில் பதில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

அங்கே வெளிநாட்டில் உங்கள் கம்பெனி மூடிச் சம்பளம் நின்ற வருடம், ரமலான் முழுக்க நானும் பிள்ளைகள் இரண்டு பேரும் மதரஸாவில் பெண்களுக்கு ஊற்றும் நோன்புக் கஞ்சியில்தான் நோன்பு திறந்தோம். ஆளுக்கு ஓர் அகப்பை கணக்கு. முதல் நாள் தூக்குவாளியோடு நின்றேன்.

"எத்தனை பேரு?" என்றார் கஞ்சி ஊற்றிய மர்ஜானா லாத்தா.

"மூணு பேரு, லாத்தா."

"ஏன், ஒம் மாப்பிள்ளையத் தலைமுழுகிட்டியா? நாலுடி!"

வரிசையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். தினமும் உங்கள் பங்கைத்தான் எடுத்துவைத்து, விடியுமுன் மூவரும் ஸஹர் செய்தோம்.

லாத்தாவுக்கு இப்போது கை நடுக்கம். அகப்பை என்னிடம் வந்திருக்கிறது. நேற்று ஒரு பெண் "ரெண்டு பேரு" என்று தலைகுனிந்தாள்.

"மாப்பிள்ளை?"

"அவரு மஸ்கட்ல."

"அவருக்கும் பசிக்கும்ல?" என்று மூன்றாவது அகப்பையையும் ஊற்றினேன்.

அந்த வருடம் என்ன சாப்பாடு என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் இடியாப்பம், மீன் ஆணம் என்று நோன்போடு பொய் சொன்னேன். அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இப்போது உங்களிடம் கேட்கிறேன்.

திட்டுவதென்றால் திட்டுங்கள். போகாதே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நாளைக்கும் அவள் வருவாள்.

துஆவுடன்,
உங்கள் மனைவி