என் தாயார் என்னை ஒன்பது நாள் முந்தியது குறித்து

அனுப்புநர்
விண்ணப்பதாரர் (கணினிப் பொறியியல், முதுநிலை),
தையல் வேலை நடக்கும் வீடு, இரண்டாம் மாடி,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே.

பெறுநர்
உயர் அலுவலர் அவர்கள்,
பொறியியல் மற்றும் கணினி அறிவியல் உதவிப் பிரிவு,
அரசு உயர்கல்வித் துறை.

பொருள்: குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கான மேற்படிப்பு உதவி – என் தாயார் எனக்கு ஒன்பது நாள் முன்னதாகப் பட்டம் பெற்றுவிட்ட காரணத்தால் எனக்கு மறுக்கப்பட்டது – மறுபரிசீலனை வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: விசாரணை அலுவலரின் அறிக்கையும், அதன்பேரில் தங்கள் அலுவலகம் அனுப்பிய நிராகரிப்புக் கடிதமும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் ஒரு விளக்கம் அளிக்கக் கடமைப்பட்டுள்ளேன். பார்வையில் கண்ட அறிக்கையில், "விண்ணப்பதாரர் விசாரணையின்போது அடக்க முடியாமல் சிரித்தார், அவரிடமிருந்து பதில் பெற இயலவில்லை" என்று பதிவாகியுள்ளது. இது முழு உண்மை. நான் பொதுவாகச் சத்தம் காட்டாதவள். கல்லூரியில் ஒரு சந்தேகம்கூட எழுந்து நின்று கேட்டதில்லை. வருகைப் பதிவின்போது நான் சொல்லும் 'உள்ளேன்' பேராசிரியரின் மேசையை எட்டாமல், எதிரிலேயே உட்கார்ந்திருந்தும் வராதவளாகக் குறிக்கப்பட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவள் ஓர் அரசு அலுவலர் முன்னிலையில், காலர் வைக்காத பள்ளிச் சீருடைக் குவியலின்மேல் விழுந்து சிரித்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தைத் தெரிவிக்கவே இந்த மனு.

2. என் தாயார் வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பவர். என் தந்தையார் சுமைவண்டி ஓட்டுநர். வாரத்தில் பாதி நாள் சாலையில் இருப்பார். தங்கள் பிரிவு அளித்த முதல் பட்டதாரி உதவியாலும், அரசு வழங்கிய மடிக்கணினியாலும் நான் கணினிப் பொறியியல் இளநிலை முடித்தேன். இப்போது தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், கணினியைப் பேசவும் படிக்கவும் பழக்கும் பிரிவில் முதுநிலைப் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்துள்ளது. இம்மாதம் இருபதாம் தேதிக்குள் தங்கள் அலுவலகத்தின் ஒப்புதல் அங்கே போய்ச் சேராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். நான் அந்த அடுத்தவராக இருந்திருந்தால் இந்நேரம் மாடிப்படியில் உட்கார்ந்து தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன். எனவே அவர்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் இடத்தை விட மனமில்லை.

3. இரண்டாம் ஆண்டில் நான் ஒரு நிரல் எழுதத் தொடங்கினேன். அச்சிட்ட பக்கத்தைப் படம் பிடித்துக் கொடுத்தால் அது தமிழில் உரக்கப் படித்துக் காட்டும். எங்கள் வீட்டில் தையல் இயந்திரத்தின் கடகடப்பு ஓய்வதில்லை. அதையும் மீறிக் காதில் விழ வேண்டும் என்பதே நான் எனக்கு வைத்துக்கொண்ட தேர்வு. சோதித்துப் பார்க்க நீளமான பாடம் ஏதாவது வேண்டும் என்று தாயாரிடம் கேட்டபோது, அட்டை கிழிந்த சில வரலாற்றுப் புத்தகங்களைக் கொடுத்தார். எங்கிருந்து வந்தன என்று கேட்டதற்கு, "தைக்கக் குடுத்த துணிப் பையில இருந்துச்சு. உனக்கு வேணுமா வேணாமா?" என்றார். எனக்கு வேண்டியிருந்தது. மேலும் கேட்கவில்லை. கேள்வி கேட்காத பழக்கம் எனக்கு வகுப்பில் மட்டும் அல்ல என்பதைத் தாங்கள் இங்கே கவனிக்கலாம்.

அதன்பின் எங்கள் வீட்டில் நாள் முழுதும் வரலாறு ஓடியது. நூல்கண்டு மாட்டும் ஆணியில் பழைய கைப்பேசி தொங்கும். அது படிக்கும், தாயார் தைப்பார். அந்தக் குரலை அவர் ஒரு பெண்ணாகவே நடத்தினார். "உன் பொண்ணுக்கு மூச்சு விடவே தெரியல, கமா போட்ட இடத்துல கொஞ்சம் நிக்கச் சொல்லு" என்பார். நான் நிற்கச் செய்தேன். "அதே வரியத் திரும்பச் சொல்லுன்னா சொல்ல மாட்டேங்குது, ரொம்பத் திமிரு" என்பார். அதற்கும் ஒரு பொத்தான் வைத்தேன். என் தாயார் என் நிரலைச் சோதிக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உலகப்போர்ப் பாடம் ஓடிய வாரத்தில் மட்டும் காலர்கள் சற்றுக் கோணலாக வந்தன. அதையும் நான் கவனித்தேன், காரணம்தான் தோன்றவில்லை.

நிரலில் ஒரு குறை இருந்தது. பக்கத்தின் அடியில் உள்ள எண்ணையும் அது பாடத்தோடு சேர்த்துப் படித்துவிடும். வாக்கியம் பாதியில் இருந்தாலும் விடாது. சிறிய குறைதானே, பிறகு திருத்தலாம் என்று விட்டிருந்தேன்.

4. இப்போது விசாரணை நாளுக்கு வருகிறேன். அலுவலர் அவர்கள் மிகுந்த பொறுமைசாலி. இரண்டு மாடி ஏறி வந்து, நாற்காலியில் இருந்த துணிகளை அவரே எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். வழக்கமான கேள்விகளைக் கேட்டு, பதிலுக்குக் காத்திராமலே எழுதிக்கொண்டு வந்தார். கடைசியாக, "வீட்ல வேற யாரும் பட்டம் வாங்கல, சரிதானே?" என்று கேட்டு, 'இல்லை' என்று எழுதவும் தொடங்கிவிட்டார்.

என் தாயார் இயந்திரத்தை நிறுத்தினார்.

"வாங்கியிருக்காங்க சார்."

"யாரும்மா?"

"நான்தான்."

அலுவலர் என்னைப் பார்த்தார். நான் தந்தையாரைப் பார்த்தேன். தந்தையார் கூரையைப் பார்த்தார். "அம்மா, வேடிக்கைக்கு நேரமில்ல, இன்னும் நாலு வீடு பாக்கணும்" என்று அலுவலர் சொன்னதும் என் தாயாருக்குக் கோபம் வந்துவிட்டது. "தபால்ல படிச்சேன் சார். பி.ஏ. வரலாறு. ரிசல்ட் வந்தாச்சு. வேணும்னா கேள்வி கேளுங்க" என்றார். அலுவலரும் பள்ளி நாள் நினைவில், தொழிற்புரட்சியின் விளைவுகள் என்னென்ன என்று கேட்டார். என் தாயார் எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னது பின்வருமாறு:

"தொழிற்புரட்சியின் விளைவுகள். ஒன்று, கைத்தொழில்கள் நலிந்தன. இரண்டு, நகரங்கள் பெருகின. மூன்று, தொழிலாளர்கள் நெருக்கமான பக்கம் நாற்பத்தேழு குடியிருப்புகளில் வாழ்ந்தனர்."

கமா இருந்த இடங்களில் எல்லாம் நின்று, மூச்சு விட்டுச் சொன்னார்.

"ஏம்மா, நடுவுல என்னமோ பக்கம் நாப்பத்தேழுன்னீங்களே?" என்றார் அலுவலர்.

"அப்படித்தான் சார் பாடத்துல வருது."

"பரீட்சையிலயும் அப்படியேவா எழுதுனீங்க?"

"எழுதாம? மார்க்கெல்லாம் குறைக்கல."

ஐயா, நான் சிரித்தது இந்த இடத்தில்தான். என் நிரலின் குரல் என் தாயாரின் வாயிலிருந்து வந்தது. என் பிழை ஏதோ ஒரு தேர்வரங்கின் விடைத்தாளில் நீல மையில் உட்கார்ந்திருந்தது. அதைத் திருத்திய ஆசிரியர், இந்தப் பெண்மணிக்கு நூலே மனப்பாடம் என்று வியந்து போயிருக்க வேண்டும். அறிக்கையில் 'சிரித்தார்' என்று மட்டும் உள்ளது. அழுதேன் என்பதையும் சேர்த்தால்தான் அது முழுமையாகும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால் அலுவலர் ஒன்றை மட்டும் குறித்திருக்கலாம்.

5. பின்னர் தெரிய வந்தவை: என் தாயார் பள்ளி இறுதி முடித்த கையோடு திருமணமானவர். நான் கல்லூரியில் சேர்ந்த மறு ஆண்டே அஞ்சல் வழியில் சேர்ந்திருக்கிறார். வகுப்புக்குச் சென்ற ஞாயிற்றுக்கிழமைகளைக் கண் பரிசோதனை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்; இவ்வளவு பரிசோதித்தும் ஏன் கண்ணாடி தரவில்லை என்று நான் மருத்துவரைக் குறைகூடக் கூறியிருக்கிறேன். தேர்வு நாட்களில் தந்தையார் வண்டியை வாசலில் நிறுத்திக்கொண்டு காத்திருந்திருக்கிறார். காலையில் கேட்ட ரகசியத்தை மாலைத் தேநீர் வரைகூடத் தாங்க முடியாத மனிதர் அவர். இதை மட்டும் படிப்பு முடியும்வரை காத்தார். ஏன் மறைத்தீர்கள் என்று தாயாரைக் கேட்டேன். "நீ எல்லாத்துலயும் பாஸாயிட்டு வர்றே. நான் ஃபெயிலாயிட்டா ஒரே வீட்ல உன் மூஞ்சிய எப்படிப் பாக்குறது?" என்றார். அவருடைய முடிவு வெளியாகி ஒன்பதாம் நாள் என்னுடையது வெளியானது. அன்று எனக்குப் பாராட்டு நடந்துகொண்டிருந்ததால், தன்னுடையதைச் சொல்ல நல்ல இடம் பார்த்துக் காத்திருந்தாராம். அரசு அலுவலர் வீடு தேடி வந்து கேட்டதைவிட நல்ல இடம் வேறு கிடைக்காது என்று நினைத்துவிட்டார்.

6. அடுத்து வந்தது தங்கள் நிராகரிப்புக் கடிதம். "விண்ணப்பதாரரே குடும்பத்தின் முதல் பட்டதாரியாக இருத்தல் வேண்டும், விசாரணையில் அவருடைய தாயாரே முதல் பட்டதாரி எனத் தெரிய வருவதால் உதவி மறுக்கப்படுகிறது" என்று அதில் இருந்தது. என் தாயார் அதை நின்றபடியே படித்தார். படித்து முடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, தாம் படித்த பல்கலைக்கழகத்தின் அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த எழுத்தரிடம், "வாங்குன பட்டத்தத் திருப்பிக் குடுக்கணும், எந்த ஜன்னல்ல குடுக்கணும்?" என்று கேட்டார். எழுத்தர் இரண்டு இழுப்பறைகளைத் திறந்து பார்த்துவிட்டு, "தொலைஞ்சு போச்சுன்னா மனு இருக்கும்மா. பேர் தப்புன்னா மனு இருக்கு. வேண்டாம்னா மனு இல்ல" என்றார். வாழ்நாளில் முதல்முறையாக ஓர் அலுவலகத்தில் நான் குரல் உயர்த்தியது அங்கேதான். "அவங்களுக்கு வேணும் சார், குடுக்க மாட்டாங்க!" என்று கத்திவிட்டேன். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் தாயாரும் பார்த்தார். "இவ்ளோ சத்தம் உனக்குள்ள எங்கடி இருந்துச்சு?" என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

7. தங்கள் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் ஒருவர், நல்லெண்ணத்தில், தாயார் தனியாக வசிக்கிறார் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் வேலை முடிந்துவிடும் என்றார். தந்தையார் பேனாவைக்கூட எடுத்துவிட்டார். நான் மறுத்துவிட்டேன். பட்டம் பெற்ற ஒரே காரணத்துக்காக என் தாயாரை வீட்டைவிட்டு அனுப்ப, காகிதத்தில்கூட எனக்குச் சம்மதமில்லை. தவிர, அவர் போய்விட்டால் என் நிரலைக் குறை சொல்ல ஆள் இருக்காது.

8. ஐயா, இந்த விதி எதற்காக எழுதப்பட்டது என்று யோசித்துப் பார்த்தேன். எந்தப் பாடம் எடுப்பது, எந்தத் தேதி முக்கியம், தேர்வறையில் என்ன செய்வது என்று சொல்ல வீட்டில் ஆளில்லாத பிள்ளைகளுக்காக அது எழுதப்பட்டிருக்க வேண்டும். நான் சேர்ந்தபோது எனக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. படிப்பு மேலிருந்து கீழே, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கி வரும் என்று விதி நினைக்கிறது. எங்கள் வீட்டில் அது மாடிப்படி ஏறிவிட்டது. அரசு ஒருவருக்குக் கொடுத்த உதவியில், ஒருவருக்குக் கொடுத்த மடிக்கணினியில், இரண்டு பேர் பட்டம் பெற்றிருக்கிறோம். இதில் அரசுக்கு லாபமே தவிர நட்டம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

9. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது:

என் தாயார் பெற்ற பட்டம், நான் பெற்ற அரசு உதவியின் விளைவே அன்றி எனக்கு முன்பே வீட்டில் இருந்த வசதி அல்ல என்று கொண்டு, என் மேற்படிப்பு உதவியை இருபதாம் தேதிக்குள் ஒப்புதல் செய்து பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

இதற்கு விதியில் இடமில்லை என்று தாங்கள் முடிவு செய்தால், தங்கள் கடிதத்தின்படியே எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி என் தாயார் ஆகிறார். அப்படியானால் இந்த மேற்படிப்பு உதவி அவருக்கு உரியது. திட்ட விதிகளை ஒரு வரி விடாமல் படித்தேன். வயது வரம்பு எங்கும் இல்லை. எழுதியவருக்கு அது தோன்றவில்லை போலும். கணிதம் படிக்காத பட்டதாரிகளும் ஒரு பருவம் முன்தயாரிப்புப் பயின்று கணினிப் பயன்பாட்டு முதுநிலையில் சேரலாம். முன்னெச்சரிக்கையாக என் தாயாரின் விண்ணப்பத்தையும் இத்துடன் இணைத்துள்ளேன். கம்ப்யூட்டர் படிக்கப் பயமாக இல்லையா என்று கேட்டதற்கு, "உன் பொண்ண நாலு வார்த்தை கேட்க எனக்குப் பாஷை வேணும்ல?" என்றார்.

இரண்டில் எதை அனுமதித்தாலும் எங்களுக்கு மகிழ்ச்சியே. இரண்டையும் மறுக்கத்தான் விதியில் வழி இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

10. பின்குறிப்பாக ஒன்று. பக்க எண் படிக்கும் அந்தக் குறையை நேற்று திருத்த உட்கார்ந்தேன். இரண்டு வரி வேலை. தாயார் பார்த்துவிட்டு, "அத எடுத்துடாத, எந்த எடத்துல இருக்கேன்னு அதான் எனக்குச் சொல்லும்" என்றார். விட்டுவிட்டேன். இந்த மனுவையும் அவரே இயந்திரத்தின்மேல் பரப்பிவைத்து உரக்கப் படித்து, இரண்டு இடங்களில் கமா சேர்த்தார். தங்கள் நல்ல பதிலை அதே குரலில் கேட்க நாங்கள் மூவரும் காத்திருக்கிறோம்.

இடம்: மேற்படி வீடு
நாள்: இம்மாதம் பதினொன்று

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
விண்ணப்பதாரர், பி.இ.
குடும்பத்தின் இரண்டாம் பட்டதாரி

படித்துச் சரிபார்த்தவர்:
(கையொப்பம்)
விண்ணப்பதாரரின் தாயார், பி.ஏ. (வரலாறு)
குடும்பத்தின் முதல் பட்டதாரி
பக்கம் நான்கு