அவன் கை நன்றாகத்தான் இருந்தது

அன்புள்ள தம்பிக்கு,

மெத்தைக் கடைப் பெரியப்பா சொல்லச் சொல்ல மருமகள் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கலாமா மாமா என்று கேட்டாள். நலமாக இருந்தால் நான் ஏன் கடிதம் போடப் போகிறேன், அதை எழுதாதே என்று சொல்லிவிட்டேன். நீ நலமாக இரு. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

போனில் பேசியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் நீ ‘பெரியப்பா பெரியப்பா’ என்று குழைவாய், நானும் சரி விடுடா என்று வைத்துவிடுவேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. முழுவதையும் படித்துத்தான் ஆகவேண்டும்.

நீ அனுப்பிய பார்சல் வந்தது. உங்கள் இரண்டாவது ஆல்பம். அட்டைப் படத்தில் என் மகனையும் சேர்த்து ஆறு பேரும் சுவரில் சாய்ந்து நிற்கிறீர்கள், யாருக்கோ பெண் பார்க்க வந்து காக்க வைக்கப்பட்டவர்கள் மாதிரி. உள்ளே நன்றி சொல்லும் இடத்தில் ‘மெத்தைக் கடைப் பெரியப்பாவுக்கு’ என்று போட்டிருக்கிறது என்று மருமகள் வாசித்துக் காட்டினாள். எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் அந்த வரி எந்த இடத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லித் தெரிந்துகொண்டேன். கீழே மருந்துக் கடைக்காரரிடம் காட்டினேன். எதிர் வீட்டு டிரைவரிடம் காட்டினேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

அன்று மாலை எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து போட்டுக் கேட்டோம். என் மகன் சாப்பாட்டுத் தட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். முதல் பாட்டு ஓடியது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். அந்த அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஊதியது பிரமாதம். பாடுகிற பெண்ணின் குரல் இப்போது கொஞ்சம் கனத்திருக்கிறது, அதுவும் அழகுதான். உன் கீபோர்டு சொல்லவே வேண்டாம்.

இரண்டாவது பாட்டு பாதியில் அவன் தட்டைக் கீழே வைத்தான். எழுந்து போய் முதல் பாட்டை மறுபடி போட்டான். ஸ்பீக்கரோடு காதை ஒட்டிக்கொண்டு நின்றான். பிறகு, இது நான் வாசிச்சது இல்ல என்றான். மருமகள், உங்க கைதானே, அந்த இழுத்து விடறதெல்லாம் நீங்கதானே என்று கேட்டாள். அதற்கு அவன், கை என்னோடதுதான், நடைதான் வேற யாரோடதோ என்று சொன்னான். சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டான். அதில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

பிறகு, நீங்கள் இடி என்று கூப்பிடுகிற டிரம்ஸ்காரனுக்குப் போன் போட்டான். நம் இடிக்குப் பொய் சொல்ல வராது, உனக்கே தெரியும். முதலில் மழுப்பினான், அப்புறம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். பதிவு முடிந்து என் மகன் ஊர் திரும்பிய பிறகு, நீயும் ஸ்டூடியோக்காரரும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அவனுடைய பேஸ் கிடாரை மட்டும் தனியாக எடுத்து, ஒவ்வொரு சத்தமாகப் பிடித்து முன்னால் தள்ளி டிரம்ஸின் அடிக்கு நேராக வைத்திருக்கிறீர்கள். காலையில் பள்ளிக்கூட வாத்தியார் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது போல. எதுக்குடா என்று இடி கேட்டதற்கு நீ என்ன சொன்னாய் என்பதையும் சொன்னான். ‘பாவம்டா, கை உடஞ்சதுலேர்ந்து முடியல அவனுக்கு. பின்தங்கிப் பின்தங்கி வர்றான். நாமதான் பாத்துக்கணும். அவன்கிட்ட சொல்லாத.’

பாவமா. யார் பாவம்.

மருமகள் பேனாவை வைத்துவிட்டாள். கொஞ்சம் பொறுமையாச் சொல்லுங்க மாமா என்கிறாள். சரி, பொறுமையாகவே சொல்கிறேன்.

வண்டியிலிருந்து விழுந்து அவன் இடது மணிக்கட்டு உடைந்தது உண்மை. கட்டுப் போட்டது உண்மை. கட்டுப் பிரித்த பிறகு ரப்பர் பந்தைப் பிசைந்து பிசைந்து எங்கள் எல்லோர் உயிரையும் வாங்கினான். டாக்டர், இனிமேல் இங்க வராதீங்க, வேற நோயாளிங்களைப் பாக்கணும் என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். அதற்கு அப்புறம்தான் உன் ஸ்டூடியோவுக்கு வந்தான். போன வாரம் அந்தக் கையால்தான் பீரோவை நகர்த்தினான், உள்ளே துணி இருக்கும்போதே.

ஸ்டூடியோவில் வாசித்து முடித்ததும் அவன் மணிக்கட்டைத் தேய்த்தான், அதைப் பார்த்துதான் உனக்குச் சந்தேகம் வந்தது என்று இடி சொன்னான். தம்பி, அவன் பள்ளிக்கூடம் போகும் நாளிலிருந்து அப்படித்தான் தேய்ப்பான். பரீட்சைக்கு முன்னால் தேய்ப்பான், பெண் பார்க்கப் போன வீட்டில் உட்கார்ந்து தேய்த்தான். முதல் ஆல்பத்தின்போதும் தேய்த்தான். அன்றைக்கு உனக்கு அது பாவமாகத் தெரியவில்லை.

அந்த முதல் ஆல்பத்தை நீ மறந்திருக்கலாம். எனக்கு எழுதிவைக்கத் தெரியாததால் எதையும் மறக்க முடிவதில்லை. என் குடோனில்தான் நடந்தது. மெத்தை அடுக்கினால் எதிரொலி வராது என்று கண்டுபிடித்துச் சொன்னவன் நீ. சுவரெல்லாம் மெத்தையை நிமிர்த்தி வைத்தோம். வியாபாரம் நின்றது, வாடிக்கையாளர் வந்தால் நான் வாசலிலேயே நின்று, உள்ள ரெகார்டிங் நடக்குது, நாளைக்கு வாங்க என்று பெருமையாகத் திருப்பி அனுப்பினேன். பஞ்சுத் தூசியில் அந்தப் பெண் மூன்றாவது பாட்டில் தும்மினாள், அந்தத் தும்மலையும் விட்டுவைத்தீர்கள். இது என்ன இசை என்று கேட்டேன். ஆசிட் ஜாஸ் என்றாய். நான் கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை நினைத்துக்கொண்டு மெத்தைக்கு ஒன்றும் ஆகாதே என்றேன். நீங்கள் ஆறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள், அது பரவாயில்லை.

அங்கேதான் ஊதுகிற அண்ணன் தம்பியில் பெரியவன் என் மகனைக் குறை சொன்னான். இவன் எப்பவும் ஒரு இம்மி தள்ளித்தான் வர்றான், பஸ்ஸ விட்டுட்டு ஓடி வர்றவன் மாதிரி என்றான். என் மகன் முகம் சுருங்கிப்போனது. நான் பஞ்சு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். அப்போது நீ அவனுக்குச் சொன்ன பதில் எனக்கு இன்னும் எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. ‘அவன் லேட்டா வரலடா. நாம எல்லாம் முன்னாடி ஓடறோம், அவன் நம்ம சட்டையப் புடிச்சுப் பின்னாடி இழுக்கறான். அந்த இழுப்புலதான் ஜனங்களுக்கு இடுப்பு ஆடுது. அவன் நேரா வாசிச்சா நம்ம பேண்டு இல்ல, போலீஸ் பேண்டு.’

சொன்னவன் நீ. எனக்கு இசை தெரியாது, மெத்தைதான் தெரியும். ஆனால் அன்றைக்கு நீ சொன்னதை நான் நம்பினேன், அவனும் நம்பினான். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் வாசித்தான். அதே இழுப்பு, அதே கை. நடுவில் ஒரு மாவுக்கட்டு வந்து போனது, அவ்வளவுதான். அதனால் அது உனக்கு நோயாகத் தெரிந்துவிட்டதா.

உனக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் நன்றாகத் திட்டிவிட்டு உன்னைத் தலைமுழுகியிருப்பேன். அவனிடம் நேராக, என்னடா கை வலிக்குதா, சரியா வரலயே என்று கேட்டிருந்தால், போடா என்று சொல்லியிருப்பான். சட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். அப்புறம் இரண்டு பேரும் டீ குடிக்கப் போயிருப்பீர்கள். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். முகத்துக்கு முன்னால் நன்றாயிருக்குடா என்று தோளைத் தட்டி ரயிலேற்றிவிட்டு, முதுகுக்குப் பின்னால் திருத்துவதை யாரிடம் கற்றுக்கொண்டாய். என் வீட்டில் கற்றுக்கொள்ளவில்லை.

அவன் உன்மேல் கோபமாக இருப்பதாக நினைக்காதே. கோபப்பட்டால் நான் நிம்மதியாக இருப்பேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தவறாகச் சொல்லவில்லை. இப்போது காலையில் வேலைக்குப் போவதற்கு முன்னால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, செல்போனில் டிக் டிக் என்று அடிக்கிற ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். அதோடு ஒட்டி வாசிக்கிறான். கொஞ்சம் தள்ளிப்போனால் நிறுத்துகிறான். மறுபடி முதலிலிருந்து. நடுவில் தன்னைத் தானே திட்டிக்கொள்வது கதவுக்கு வெளியே கேட்கிறது.

எதுக்குங்க இது என்று மருமகள் கேட்டதற்கு, சரி பண்ணிக்கறேன் என்றானாம். ‘எல்லார் காதுக்கும் தப்பாப் பட்டிருக்கு. எனக்கு ஒருத்தனுக்குத்தான் இத்தனை நாளாத் தெரியல. அவன் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் பேசாம செஞ்சிருக்கான்.’ ஆல்பம் வெளியீட்டு விழாவில் மேடையில் அப்படியே, அதில் இருக்கிற மாதிரியே வாசித்துவிட வேண்டுமாம். உனக்குத் தலைகுனிவு வரக் கூடாதாம். இதை எழுதும்போது மருமகள் மூக்கை உறிஞ்சுகிறாள். எழுது, நிறுத்தாதே என்கிறேன்.

நேற்று ஒரு பாட்டு முழுவதையும் அந்த டிக் டிக்கோடு ஒட்டியே வாசித்து முடித்துவிட்டான். ஒரு இடத்திலும் தள்ளிப்போகவில்லை. வெளியே வந்து, எப்படி இருந்துச்சுப்பா என்று என்னைக் கேட்டான். அவன் என்னிடம் இசையைப் பற்றி அபிப்பிராயம் கேட்டதே கிடையாது. நான் எதையோ தேடுகிற மாதிரி அலமாரியைத் திறந்துகொண்டு நின்றேன்.

ஆல்பத்தை மாற்றி வெளியிடு என்று நான் சொல்லவில்லை. மன்னிப்பு எழுதி அனுப்பாதே, அதையும் மருமகள்தான் எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும், மறுபடி மூக்கை உறிஞ்சுவாள். போனும் செய்யாதே. போனில் நீ சொன்னால், பாவம், ஆறுதலுக்குச் சொல்கிறான் என்றுதான் அவன் எடுத்துக்கொள்வான். அந்த வழியை நீயே அடைத்துவிட்டாய். நீ நேரில் வரவேண்டும். உன் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வா, இடியையும் கூட்டிக்கொண்டு வா. குடோனை இப்போது டைல்ஸ் கடைக்காரருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன், அதனால் கூடத்திலேயே வாசியுங்கள், அக்கம்பக்கத்தில் நான் சொல்லிக்கொள்கிறேன். அவனுக்கு முன்னால் உட்கார்ந்து வாசி. வாசிக்கும்போது அவன் கை எப்படி என்று உனக்கே தெரிந்துவிடும், அப்புறம் வாயால் என்ன சொல்ல வேண்டும் என்று நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடிதம் எழுதியது அவனுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

இவ்வளவு திட்டிய பிறகும் உன்னை வாழ்த்தாமல் முடிக்க மனம் வரவில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும். உங்கள் பாட்டு ஊரெல்லாம் ஒலிக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. விழாவுக்கு அவன் கிளம்பி வருகிற வரைக்கும் காத்திருக்காதே. ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட நேராக வாசிக்கிறான். முழுக்கச் சரியாகிவிடுவதற்குள் வந்து சேர், தம்பி.

உன் பெரியப்பா