போகாதே என்கிற சந்தேகம்

இன்று விடியும்போது சமையலறைக் கதவைத் திறந்தேன். யானை வாடை. மாட்டுத் தொழுவமும் நசுங்கிய பச்சிலையும் கலந்த அந்த வாடை உனக்குத் தெரியாததா? ஏலக்காடு முழுக்கப் பனி மூடிக் கிடந்தது. தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து ரோட்டு வளைவு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கதவை அடைத்துத் தாழ்ப்பாள் போட்டேன்.

விடுதி விருந்தாளிகள் பனியைப் படம் எடுக்கக் கிளம்புகிற நேரம் அது. அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் இங்கிலீஷில் சேதி போட வேண்டும். நீ பார்த்த வேலை இப்போது என் தலையில். யானையைப் பார்த்தேன் என்று எழுத முடியாது, பார்க்கவில்லை. சும்மா இருக்கவும் முடியாது.

நான் உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு சாந்தன்பாறைக்கு வந்த நாளிலிருந்து நம் இருவருக்கும் இந்த விடுதியில்தான் வேலை. எனக்கு அடுப்படி, உனக்கு வரவேற்பு. மதினி மதினி என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே கேலி பண்ணுவாய். "மதினி, உங்களுக்கு ஆனைச் சாணியப் படத்துல காட்டுனாலே காய்ச்சல் வந்துரும்" என்பாய். வந்துதான் விடும், அதில் பொய் இல்லை.

அந்த வெள்ளைக்காரர் கதையை நான் இன்னும் மறக்கவில்லை. வளைவில் யானை நிற்குமா என்று அவர் உன்னிடம் கேட்டார். நிற்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது என்பதை நீ அப்படியே இங்கிலீஷில் திருப்பி, "ஐ டவுட்" என்றாய். அவர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு கேமராவோடு நடையைக் கட்டினார். நீ செருப்பில்லாமல் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாய். அதே சமயம் ஏலச்செடிகளை விலக்கிக்கொண்டு யானை ரோட்டில் இறங்கியது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பால் விடாத கட்டன் சாயா குடித்துக்கொண்டே அவர் விளக்கினார். அவர்கள் பாஷையில் டவுட் என்றால், இருக்காது என்று நினைக்கிறேன் என்று அர்த்தமாம். கண்ணால் பார்க்கவில்லை, ஆனால் இருக்கும் என்று மனதில் படுகிறது என்றால் சஸ்பெக்ட் என்று சொல்ல வேண்டுமாம். நீ அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"மதினி, நம்ம சந்தேகம் போவாதேங்குது. அவுக சந்தேகம் போங்குது. ஒத்த வார்த்தையில ஆளு போயிருப்பாரு."

அதற்குப் பிறகு எதற்கெடுத்தாலும் சஸ்பெக்ட்தான். மழை வருமென்று சஸ்பெக்ட், சாம்பாரில் உப்பு கூடிவிட்டதென்று சஸ்பெக்ட். உன் வாயைத் தைக்க வேண்டும் என்று திட்டியிருக்கிறேன்.

போன வருஷம், இதே மாதிரிப் பனி. போனில் உன் சேதி வந்தது: தொட்டி வளைவில் யானை, ஐ சஸ்பெக்ட். விருந்தாளிகள் ஒருவரும் வெளியே வரவில்லை. நானும் கதவை அடைத்துவிட்டு, உள்ளே இருப்பாய் என்று உன்னைக் கூப்பிட்டேன். வரவேற்பில் நீ இல்லை. மாடியிலும் இல்லை. தொட்டி வால்வைத் திறக்கப் போனவள் அங்கே நின்றுதான் அதை எழுதியிருக்கிறாய் என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்கு மேல் எழுத என்னால் ஆகாது.

இன்றைக்கு நானும் அந்த வார்த்தையைத்தான் போட்டேன். எழுத்துக் கூட்டி, இரண்டு தடவை சரிபார்த்து. எல்லாரும் அறையிலேயே இருந்துவிட்டார்கள். வெயில் வந்து பனி விலகியபோது வளைவு காலியாகக் கிடந்தது. ஒரு கிளைகூட ஒடிந்திருக்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று முதலாளி சிரித்தார். நல்ல படம் போயிற்றே என்று ஒரு விருந்தாளிக்கு என்மேல் வருத்தம்.

இருக்கட்டும். காலைப் பலகாரத்துக்கு எல்லாரும் மேசைக்கு வந்தார்கள். இட்லி வைக்கும்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன், ஒருவரும் குறையவில்லை. உன் துணிச்சல் உன்னோடு போயிற்று. அந்த வார்த்தையை மட்டும் என்னிடம் விட்டுப் போயிருக்கிறாய், அது என் பயத்துக்குத்தான் பொருந்துகிறது.

குழாயில் தண்ணீர் வரவில்லை என்று முதலாளி கூப்பிடுகிறார். வால்வை இப்போது நான்தான் திறக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் வெயில் ஏறட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.