நாலு அங்குல மலை

மூன்றாம் தேதி, புதன்கிழமை

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் வீட்டுக்காரன் எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் நலமாக இருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்; கோபம் வேறு, நினைப்பு வேறு. 'நீங்கள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். முப்பது வருடம் 'டேய்' என்று கூப்பிட்ட வாய்தான். ஆனால் பதினான்கு மாதம் ஒரு வார்த்தை பேசாத ஆளை 'டேய்' என்று கூப்பிட நாக்கு எழவில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் அது முடியாது.

விஷயம் இதுதான். கடைத்தெரு முனையில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் பெண் போன வாரம் வீட்டுக்கு வந்தாள். நாம் பொம்மைச் சிப்பாய்களை வைத்துச் சண்டை ஆடும் நம் போர்மேசையைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆறடிக்கு நாலடி மேசை முழுவதையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஆறு, பாலம், மலை, மணிக்கூண்டு, தோப்பு, வேலி எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டாள். எங்கேயும் இல்லை, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் முப்பத்தாறு வருடம் பட்டி பூசியவனுக்கு ஒரு மலை பூசத் தெரியாதா என்றேன். "ஐயா, இது இங்க தூசி தின்னுட்டுக் கிடக்கிறதுக்கு எங்க கடையில நாலு பேர் விளையாடட்டுமே. உடைஞ்சதை மட்டும் சரி பண்ணிக் குடுங்க" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வேன் கொண்டுவருகிறாள்.

ஆகவே உங்களுக்கு ஒரு தகவல். பகடை போடும் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு நீங்கள் எழுந்து போன அன்று ஆட்டம் எப்படி நின்றதோ அப்படியே நிற்கிறது. ஒரு சிப்பாயைக்கூட நான் நகர்த்தவில்லை. பெயிண்ட் பிரஷ்ஷால் ஒவ்வொருவனைச் சுற்றியும் தூசி தட்டுகிறேன். உங்கள் பீரங்கி மணிக்கூண்டின் மேல். என் ஆட்கள் அறுபத்திரண்டு பேர் பாலத்தின் மேல். நடுவில் மலை. உங்கள் முறை. கடைசி ஞாயிறுக்கு முன்னால் வந்தால் ஆடி முடிக்கலாம். வராவிட்டால் களத்தை விட்டு ஓடியவர் தோற்றவர் என்று எடுத்துக்கொள்வேன்.

தகராறைப் பொறுத்தவரை என் பேச்சில் மாற்றமில்லை. பீரங்கியிலிருந்து குறிவரைக்கும் நூல் பிடிக்க வேண்டும். நூல் எதிலும் படாமல் போனால் பீரங்கிக்குக் கண் தெரியும், பட்டால் தெரியாது. பத்து வருடமாக இதுதான் சட்டம். அன்றைக்கு நூல் மலையில் பட்டது. "பத்து வருஷமா தெரிஞ்ச பாலம் இன்னிக்கு மட்டும் எப்படி அத்தான் தெரியாமப் போகும்?" என்று கேட்டீர்கள். "பாலம் அங்கேயேதான் இருக்கு, உன் கண்ணுதான் போச்சு" என்றேன். இதில் கோபப்பட என்ன இருக்கிறது? கண் தெரியவில்லை என்றால் கண்ணாடியை மாற்றலாம். ஊரையே மாற்றிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போவார்களா?

உங்கள் அக்கா இருந்தவரை நூல் பிடிக்க ஒரு ஆள் இருந்தாள். இரண்டு எதிரிகள் ஆளுக்கொரு நுனியைப் பிடித்தால் சண்டை வராமல் என்ன செய்யும்?

இப்படிக்கு,
அத்தான்

டம்ளர் பத்திரமாக இருக்கிறது. அதில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை.

⁂

பதினைந்தாம் தேதி, திங்கட்கிழமை

மாப்பிள்ளைக்கு,

பதில் இல்லை. சரி. கேட்காதவனுக்குச் சொல்வதும் ஒரு பழக்கம்தான். இந்த வீட்டில் எனக்கு அது நன்றாகவே பழகிவிட்டது. சமையலறையில் நாற்காலி இரண்டு இருந்தும் இப்போதெல்லாம் மேசை ஓரத்தில் நின்றபடியே சாப்பிடுகிறேன். தோப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் உன் ஆட்கள் நாலு பேரும் என் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம்தான் பேச்சு. 'நீங்கள்' போட்டு இரண்டாவது கடிதம் எழுத என்னால் ஆகாது. பழையபடியே எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் கிழித்துப் போடு.

ஆற்று வேலை முடிந்தது. மேலே ஊற்றிய வார்னிஷ் மஞ்சளாகி, ஆறு சாக்கடை மாதிரி ஆகியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, நீலம் ஒரு கை, பச்சை ஒரு கை, அதன் மேல் மெல்லிசாக நாலு தடவை வார்னிஷ். ஒவ்வொரு தடவைக்கும் ஒருநாள் காயவிட்டேன். அவசரப்பட்டு ஒரேயடியாக ஊற்றினால் உள்ளே காயாது. இது நம் முதல் ஆற்றில் நாம் பட்ட பாடு. ஏழு குதிரை வீரர்களின் கால் ஒட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பில் உன் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள்.

மரங்களுக்குப் பழைய மின்சாரக் கம்பியை முறுக்கி, மெத்தைப் பஞ்சை மிக்ஸியில் அரைத்துச் சாயம் போட்டேன். அந்த மிக்ஸியில் இனிமேல் சட்னி அரைக்க முடியாது. அரைக்கச் சொல்லிக் கேட்கவும் ஆள் இல்லை. வேலிக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார். மண்ணுக்கு, குடித்த டீத்தூளைக் காயவைத்துத் தூவினேன். முன்பு மூன்று பேர் குடித்த டீயில் ஒரு வாரத்தில் ஒரு வயல் ஆகும். இப்போது ஒருவன் குடித்து ஒரு வயல் ஆக ஒரு மாதம் ஆகிறது.

இனி மலை. அதன் ஒரு மூலை பெயர்ந்திருந்தது. கடைக்காரப் பெண் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன ஐயா, தெர்மாகோல் மலைன்னீங்க, கல்லு மாதிரி கனக்குது!" என்றாள். அது எனக்கு உறைத்தது. பெயர்ந்த மூலையை ஒட்டவைக்க வேண்டுமானால் நேராக வெட்டிவிட்டு ஒட்டுவதுதான் முறை. நேற்று ஆக்சா பிளேடு எடுத்து அறுத்தேன்.

மாப்பிள்ளை, அந்த வெட்டைப் பார்த்ததும் பிளேடைக் கீழே வைத்துவிட்டேன். வெங்காயத்தை வெட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. வருடத்துக்கு ஒரு தடவை நான் புதுப்பித்த ஒவ்வொரு பூச்சும் அப்படியே ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கிறது. பட்டறைப் பழக்கம், நசுங்கினால் பட்டி வை, தேய், மேலே பெயிண்ட் அடி. பழையதைச் சுரண்டிக்கொண்டிருந்தால் முதலாளி விடமாட்டார். எண்ணினேன். ஒன்பது பூச்சு. எந்த வருடம் எந்தப் பச்சை என்று என்னால் சொல்ல முடிந்தது. செம்மண் பூச்சு, உன் மகள் கல்யாண வருடம். மரத்தூள் பூச்சு, நான் பட்டறையிலிருந்து நின்ற வருடம். மேலிருந்து இரண்டாவது, உன் அக்கா ஆஸ்பத்திரியில் இருந்த வருடம். அது மட்டும் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. அடியில் வெள்ளைத் தெர்மாகோல். அதைப் பிரித்தெடுத்தால், பக்கவாட்டில் பென்சிலில் அவள் எழுத்து: 'மலை நாலு அங்குலம். இதுக்கு மேல போகக் கூடாது. ரெண்டு பேரும் ஒத்துக்கொண்டது.'

ஸ்கேல் எடுத்து வெட்டின் முழு உயரத்தையும் அளந்தேன். நாலே முக்கால்.

இதைப் பற்றி இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத முடியும். ஒரே ஒரு சந்தேகம். உன் அக்கா பாலத்துப் பக்கம் நூலை எப்படிப் பிடிப்பாள்? கட்டைவிரலை எங்கே வைப்பாள்? நான் எப்போதும் மணிக்கூண்டுப் பக்கம் குனிந்திருப்பேன், சரியாகப் பார்த்ததில்லை. ஞாபகம் இருந்தால் ஒரு வரி எழுது. வேறெதுவும் எழுத வேண்டாம்.

அத்தான்

⁂

இருபத்தாறாம் தேதி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கும், இதை வாசித்துக்காட்டும் என் மருமகளுக்கும்,

பொறுக்க முடியாமல் புதன்கிழமை நானே போன் செய்தேன். உன் மகள் எடுத்தாள். அவள் சொன்னதை இரண்டு நாளாக மனதுக்குள் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"மாமா, அப்பாவுக்கு ஒரு கண்ணு சுத்தமா போயிடுச்சு. இன்னொண்ணுல நிழல் மாதிரிதான் தெரியுது. ரெண்டு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கு, யார்கிட்டயும் சொல்லல. உங்க லெட்டரை நான்தான் வாசிச்சுக் காட்டுறேன்" என்றாள். முதல் கடிதத்தையுமா என்று கேட்டேன். "அதையும்தான்" என்றாள். கண்ணாடியை மாற்றச் சொன்ன வரியை வாசித்தாயா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் என் பெண் மாதிரி. அவள் வாயால் அந்த வரி உன் காதுக்கு வந்திருக்கிறது.

பிறகு நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். "அத்தை பாலத்து மேல கட்டைவிரலை வெச்சு, அது மேல நூலை வெப்பாங்களாம். மொதல்ல நகம் மட்டும்தானாம். அப்புறம் வருஷா வருஷம் விரல் ஏறிக்கிட்டே போச்சாம். அப்பாவுக்கு அது தெரியுமாம். மலை வளருதுன்னு அத்தான்கிட்ட சொல்லவான்னு கேட்டப்போ, 'சொன்னா மனுஷன் நம்பமாட்டாரு, என் விரலு இருக்குல்ல, விடுடா'ன்னாங்களாம்."

ஆகவே அக்காவும் தம்பியும் சேர்ந்துகொண்டு, என் வீட்டில், என் மேசையில், எனக்குத் தெரியாமல் இதை நடத்தியிருக்கிறீர்கள். இதில் எனக்கு வருத்தம் உண்டு. அதை மறைக்கமாட்டேன். சொல்லியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பேன். சரி, கேட்டிருக்கமாட்டேன். ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

அன்றைக்கு நான் கண்ணைப் பற்றிச் சொன்னபோதாவது நீ விஷயத்தை உடைத்திருக்கலாம். அக்காவுக்குக் கொடுத்த வாக்கு என்று வாயை மூடிக்கொண்டு எழுந்து போனாய். நான் என்னடா என்றால் கதவைச் சாத்திவிட்டு, ஜெயித்துவிட்டோம் என்று டீ போட்டுக் குடித்தேன். கண்ணில்லாத நீ சொன்னதுதான் சரி. இரண்டு கண்ணும் உள்ள நான் ஒன்பது வருடம் மலையை வளர்த்துக்கொண்டிருந்தேன்.

உடைந்த எதற்கும் பட்டி வைத்துப் பூசிவிடலாம் என்று நினைத்தவன் நான். அந்த வார்த்தைக்குப் பட்டி கிடையாது. அது எனக்குத் தெரியும்.

மருமகளே, இனிமேல் வருவதைக் கொஞ்சம் நிதானமாக வாசி. இது வேலை சம்பந்தப்பட்டது.

ஒன்பது பூச்சையும் சுரண்டிவிட்டேன். உன் அக்காவின் எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் பிரைமர்கூட அடிக்கவில்லை. மலை இப்போது நாலு அங்குலம். பாதையில் மணல் ஒட்டியிருக்கிறேன், விரலுக்குச் சொரசொரப்பாகத் தெரியும். ஆறு வழவழப்பு. சேற்று நிலம் மெத்தைப் பஞ்சு, அழுத்தினால் உள்ளே போகும். மேசை விளிம்பில் அங்குலத்துக்கு ஒரு ஆணி. உன் சிப்பாய்களின் பீடத்தில் அரத்தால் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். என் ஆட்களுக்குக் கோடு இல்லை. அதற்காக உன் நாற்பத்தெட்டுப் பேரையும் எடுக்க வேண்டியிருந்தது. பென்சிலில் அடையாளம் வைத்து அதே இடத்தில் வைத்துவிட்டேன், சந்தேகப்படாதே. பகடையின் புள்ளிகளை ஊசித் துளைக்கருவியால் ஆழமாக்கினேன். ஆழமாக்கியதில் ஒன்று கோணலாக உருண்டு எப்போதும் ஆறே விழுந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன். உனக்கு அவ்வளவு தூரம் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

எல்லாம் முடிந்ததும் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு மேசையைத் தடவிப் பார்த்தேன். தோப்பையும் வேலியையும் இரண்டு தடவை மாற்றிச் சொன்னேன். அவற்றைப் பிரித்துத் தெரியும்படி மறுபடி செய்தேன். துணியை அவிழ்க்காமலே தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். எட்டடி தூரம். சுவரைப் பிடித்தபடி பாதி வழியில் நின்றுவிட்டேன். வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. கண் மங்க ஆரம்பித்த பிறகும் இதை வெளியில் சொல்லாமல், சண்டை வந்த நாள்வரை ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு தெரு தாண்டி நீ நடந்து வந்தாயா?

கடைக்காரப் பெண்ணிடம் மேசை இல்லை என்று சொல்லிவிட்டேன். "ஐயா, வேனுக்கு வேற சொல்லிட்டேனே, வாக்குக் குடுத்துட்டு இப்படிப் பண்றீங்களே!" என்று கத்தினாள். கத்த வேண்டியதுதான். அவளுக்காகப் புதிதாகச் செய்த இரண்டு மலை, மூன்று தோப்பு, ஒரு பாலம் கொடுத்தேன். அப்போதும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மேசையில ஆட்டம் பாக்கி இருக்கும்மா. ஆள் வரணும்" என்றேன். "யாரு, எப்ப?" என்றாள். நான் அவளுடைய தோப்புகளை அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்தேன்.

பதினான்கு மாதம் கழித்து இன்று காலை நூலை எடுத்தேன். அவளுடைய தையல் பெட்டியில் இருந்த அதே வெள்ளை நூல்கண்டு. ஒரு நுனியை உன் பீரங்கியின் வாயில் குண்டூசியால் குத்திவிட்டு, மறுநுனியைப் பாலத்தின் மேல் வெறுமனே வைத்து இழுத்தேன். விரல் வைக்கவில்லை. நூல் மலையில் படவில்லை. நடுவில் ஒரு தீக்குச்சி போகும்.

பாலம் தெரிகிறது, மாப்பிள்ளை. என் அறுபத்திரண்டு பேருக்கும் தப்ப வழியில்லை. ஆனாலும் அவர்களை நானாக எடுக்கமாட்டேன், அது சட்டமில்லை. உன் முறை. டம்ளரில் பகடை போட்டு வைத்திருக்கிறேன்.

ரயில் நிலையத்துக்கு நானே வந்து நிற்கிறேன். எந்த நாள், எந்த வண்டி என்று மகளை ஒரு வரி எழுதச் சொல். நூலின் மறுநுனி பாலத்தின் மேல் சும்மா கிடக்கிறது. நீ வந்து பிடி. விரலை எவ்வளவு வேண்டுமானாலும் தூக்கிப் பிடி, நான் மணிக்கூண்டுப் பக்கம்தான் குனிந்திருப்பேன்.

நீயும் உன் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

காத்திருக்கும்,
அத்தான்